பேரப்பிள்ளை பார்க்கப் போகும் அம்மம்மா: ஒரு விசிற்றர் விசாக் கோப்பின் ஆய்வு

கனடாவில் மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்றால் ஊரிலிருந்து தாயைக் கூப்பிடுவது நமக்குப் புதிதில்லை. உப்புவெளி, லிங்கநகர், உவர்மலை, பாலையூற்று என்று திருகோணமலையில் எந்தப் பக்கம் விசாரித்தாலும் பேரப்பிள்ளை பார்க்கப் போய்வந்த ஒருவரைக் காணலாம். விண்ணப்பித்து மறுக்கப்பட்டவரையும் காணலாம். இரண்டு பேரின் வசதியும் ஒரே அளவாக இருக்கும், வங்கியில் கிடக்கும் பணமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அதனால் "அது அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது" என்று ஊரில் சொல்லிவிடுவார்கள். மறுக்கப்பட்ட கோப்பைத் தாள் தாளாகப் பிரித்தால் வேறொன்று தெரியும். எப்போது போகிறார் என்பது அதில் இருக்கும். எப்போது, எதனால் திரும்புவார் என்பது எங்கேயும் இருக்காது.

இந்த ஆய்வில் வருவது ஒரு மாதிரிக் குடும்பம். திருகோணமலைக் கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே வீட்டுக்குள் வைத்திருக்கிறோம்.

குடும்பம்

தாய்க்கு வயது 60. உப்புவெளியில் கணவன் பக்கத்துக் குடும்ப வீடு. வேலைக்குப் போனவர் இல்லை. நீரிழிவும் பிறஷரும் உண்டு, மாதாந்தக் கிளினிக் போகிறார். தகப்பன் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓய்வூதியம் வங்கிக்கு வருகிறது. மகன் குடும்பத்தோடு லிங்கநகரில். மகள் ஸ்காபரோவில் நிரந்தர வதிவாளர். அவருக்கு மூன்று வயதில் ஒரு பிள்ளை, இரண்டாவது தை மாதம் பிறக்க இருக்கிறது. மகளின் ஆண்டு வருமானம் 44,000 கனேடிய டொலர், மருமகனுடையது 41,000.

முதல் விண்ணப்பம் ஜூன் மாதம் போனது. சாதாரண விசிற்றர் விசா, 6 மாதம், நோக்கம் "சுற்றுலா, உறவினர் சந்திப்பு". மறுக்கப்பட்டது. இரண்டாவது ஒக்டோபரில், பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிக்கும் உள்ள நீண்டகால விசாவான சுப்பர் விசாவாக. கிடைத்தது. இடையில் குடும்பத்தின் சொத்தில் ஒரு சதம் கூடவில்லை.

முதல் கோப்பு எங்கே விழுந்தது

மறுப்புக் கடிதத்தில் வழமையான வரிகள்தான் இருந்தன: வருகையின் நோக்கம், கனடாவிலும் சொந்த நாட்டிலும் உள்ள குடும்பப் பிணைப்பு, சொந்தச் சொத்தும் பணநிலையும். இவற்றைப் பார்த்து அதிகாரியின் மனதை அறிய முடியாது. அதற்கு அவர் எழுதிய குறிப்பு வேண்டும். சில மறுப்புக் கடிதங்களோடு அது இப்போது இணைந்தே வருகிறது. வராவிட்டால் கனடாவில் உள்ள மகள் தாயின் சம்மதப் படிவத்தோடு தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டிக் கேட்கலாம். குறிப்பைப் பார்க்காமல் அதே கோப்பை அடுத்த வாரமே திரும்பப் போடுவது 100 டொலரை எறிவதற்குச் சமம். ஊரில் அதிகம் நடப்பதும் அதுதான்.

இந்தக் கோப்பில் நான்கு ஓட்டைகள் இருந்தன.

முதலாவது, மறைப்பு. மகள் கர்ப்பிணி என்று ஒரு தாளிலும் இல்லை. "பிள்ளை பார்க்கப் போறா எண்டு சொன்னா வேலைக்குப் போறா எண்டு நினைச்சு மறுத்துப்போடுவாங்கள்" என்று யாரோ சொன்னதை நம்பி அந்தப் பகுதியைத் தவிர்த்திருந்தார்கள். அதன் பலன் விபரீதம். கணவனை ஊரில் விட்டு, ஆறு மாதம், தனியாகச் சுற்றுலா போகும் 60 வயதுப் பெண்ணைத்தான் கோப்பு காட்டியது. நம்பும்படியாக இருந்த ஒரேயொரு காரணத்தை அவர்களே எடுத்துவிட்டார்கள். இதற்கு அடுத்த படி இன்னும் ஆபத்தானது: கேட்ட கேள்விக்குப் பொய்யான பதில் எழுதினால் அது தவறான தகவல் கொடுத்ததாகக் கொள்ளப்பட்டு, குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி 5 ஆண்டுத் தடை வரலாம். முன்பு லண்டனுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போட்டு மறுக்கப்பட்டதை "இல்லை" என்று நிரப்புவதும் இதில் அடங்கும்.

இரண்டாவது, வங்கிக் கணக்கு. தாயின் சேமிப்புக் கணக்கில் மாதக்கணக்காக முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய்தான் நின்றது. விண்ணப்பத்துக்குப் பத்து நாளைக்கு முன் 12 இலட்சம் ஒரே தடவையில் வந்து விழுந்தது. உறவினர் ஒருவரிடம் கைமாற்றாக வாங்கிப் போட்டது. அதிகாரி பார்ப்பது கடைசி மீதியை மட்டுமல்ல, ஆறு மாத ஓட்டத்தையும்தான். விளக்கம் இல்லாத பெரிய வைப்பு, பணமே இல்லாததைவிட மோசமாகத் தெரியும். செலவைத் தாங்கப் போவது மகள் என்றால் மகளின் வருமானத்தைக் காட்டினால் போதும், தாயைப் பணக்காரியாக்கத் தேவையில்லை.

மூன்றாவது, ஊரில் என்ன இருக்கிறது என்பதற்கான சான்று. வீடு இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள், உறுதி வைக்கவில்லை. உறுதி தகப்பனின் தாய் பேரில் இருந்ததால் "அதை வைச்சா சரிவராது" என்று விட்டுவிட்டார்களாம். கணவனின் ஓய்வூதியப் பத்திரம் இல்லை. மகனும் பேரப்பிள்ளைகளும் மூன்று கிலோமீற்றருக்குள் இருப்பது குடும்ப விபரப் படிவத்தில் பெயர்களாக மட்டும் கிடந்தது.

நான்காவது, பெயர். தாயின் பாஸ்போட்டில் ஒரு முழுப்பெயர், மகளின் பிறப்புச் சான்றிதழில் தாய் என்ற இடத்தில் அதன் பின்பாதி மட்டும். பாக்கியலட்சுமி ஓரிடத்தில், லட்சுமி மற்ற இடத்தில் என்பதுபோல. கலியாணத்துக்குப் பின் கணவன் பெயரைக் குடும்பப் பெயராக்கியதால் தகப்பன் பெயரும் பாஸ்போட்டில் இல்லை. நமக்கு இது ஒரே ஆள். கொழும்பைத் தாண்டினால் இரண்டு ஆள்.

பிள்ளை பார்ப்பது வேலையா?

ஊரில் உள்ள பயத்துக்கு அடிப்படையே இந்தக் கேள்விதான். கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகள் வேலை என்பதை இப்படி வரையறுக்கின்றன: சம்பளமோ தரகுப்பணமோ கிடைக்கும் செயல், அல்லது அந்நாட்டுத் தொழிற்சந்தையில் குடிமக்களோடும் நிரந்தர வதிவாளரோடும் நேரடியாகப் போட்டியிடும் செயல். குடிவரவுத் திணைக்களம் தன் அலுவலர்களுக்கு எழுதிய வழிகாட்டல், வேலையாகக் கொள்ளத் தேவையில்லாதவற்றுக்கு உதாரணம் சொல்லும்போது, வந்திருக்கும் காலத்தில் சம்பளமில்லாமல் மகளின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாயையே குறிப்பிடுகிறது. ஆகவே மறைக்க ஒன்றுமில்லை.

எல்லை எங்கே என்பதுதான் தெரிந்திருக்க வேண்டும். மாதாமாதம் ஒரே தொகை, ஒரே திகதியில் தாயின் கணக்குக்குப் போனால் அது சம்பளமாகத் தெரியும். தாய்க்குச் சீலை எடுத்துக் கொடுப்பது, மருந்து வாங்கிக் கொடுப்பது, திரும்பும்போது கையில் ஏதும் கொடுத்துவிடுவது வேறு. பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பவர்களின் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்து நாளுக்கு இவ்வளவு என்று வாங்கினால், அது சந்தேகத்துக்கே இடமில்லாத வேலை. வேலை அனுமதி இல்லாமல் செய்த வேலை. வருமான வரியில் பிள்ளைப் பராமரிப்புச் செலவைக் கழிக்கலாம் என்பதற்காகத் தாய் பேரில் பற்றுச்சீட்டு எழுதும் ஆட்களும் உண்டு. வரியில் ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய், தாய் சம்பளத்துக்கு வேலை செய்தார் என்று தங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்து வைக்கிறார்கள்.

சட்டம் இடம் கொடுத்தும் விசா ஏன் கிடைக்காமல் போகிறது? ஒழுங்குவிதிகளின் 179ஆம் பிரிவின்படி, அனுமதித்த காலம் முடியும்போது இவர் கனடாவை விட்டு வெளியேறுவார் என்று அதிகாரி திருப்திப்பட வேண்டும். "அம்மா வந்தால்தான் நான் வேலைக்குப் போகலாம், டே கெயாருக்குக் கட்ட வழியில்லை, வேறு ஆளும் இல்லை" என்று மகள் உருக்கமாக எழுதும் கடிதம் நல்லெண்ணத்தோடு எழுதப்படுவதுதான். அதிகாரி அதை வாசிக்கும்போது, இந்தத் தேவை ஆறு மாதத்தில் தீராது, தாய் திரும்பினால் மகளின் வேலை போகும், ஆகவே தாய் திரும்பமாட்டார் என்றுதான் கணக்கு வரும். தேவையை எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறோமோ அவ்வளவுக்குத் திரும்பி வரும் வாய்ப்பு சிறிதாகிறது.

ஆறு மாதமா, சுப்பர் விசாவா

சாதாரண விசிற்றர் விசாவில் உள்ளே போனால் வழமையாக 6 மாதம். விசா ஒட்டியிருக்கும் காலமும் தங்கலாம் என்ற காலமும் வேறு வேறு. பாஸ்போட்டில் பல ஆண்டுக்கு விசா இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் 6 மாதம்தான். கூட்டிக்கொள்ள வேண்டுமானால் காலம் முடியுமுன் கனடாவுக்குள் இருந்தே நீடிப்புக்குப் போட வேண்டும்.

சுப்பர் விசா பெற்றோருக்கும் பேரன் பேத்தியைப் பார்க்கும் பாட்டன் பாட்டிக்கும் மட்டும். 2022 ஜூலை 4 முதல் ஒரு தடவை உள்ளே போனால் 5 ஆண்டுவரை தங்கலாம், அதற்கு முன் 2 ஆண்டாக இருந்தது. விண்ணப்பக் கட்டணம் இரண்டுக்கும் ஒன்றுதான், 100 டொலர். கைரேகைக்கு 85. ஒருமுறை கொடுத்த கைரேகை 10 ஆண்டு செல்லும் என்பதால் இந்தத் தாய் இரண்டாம் முறை அந்த 85ஐயும் கட்டவில்லை. 79 வயதுக்கு மேற்பட்டவர் கைரேகை கொடுக்கவே தேவையில்லை.

சுப்பர் விசாவுக்குக் கூடுதலாக மூன்று வேண்டும்: குறைந்தது 1,00,000 டொலர் பெறுமதிக்கு ஓராண்டு மருத்துவக் காப்புறுதி, அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனை, அழைப்பவரின் வருமானம் குறைந்த வருமான எல்லைக்கு மேல் இருப்பதற்கான சான்று.

வருமானத்தில்தான் பிள்ளைப்பேறு குறுக்கே வருகிறது. 2025இல் வந்த அட்டவணைப்படி 4 பேருக்கு 56,724 டொலர், 5 பேருக்கு 64,336, 6 பேருக்கு 72,560. எண்ணும்போது அழைப்பவர், துணை, பிள்ளைகள், வரப்போகும் பெற்றோர், முன்பு ஸ்பொன்சர் செய்து பொறுப்பு இன்னும் முடியாதவர்கள் எல்லாரும் சேர்வார்கள். தம்பியையோ மாமியையோ முன்பு கூப்பிட்டதை மறந்து எண்ணுவது வழமையான பிழை.

இந்தக் குடும்பத்தில் இரண்டு சம்பளமும் சேர்ந்து 85,000. பிள்ளை பிறக்கும்வரை மகள், மருமகன், மூத்தது, தாய் என்று 4 பேர். தாராளமாகப் போதும். பிள்ளை பிறந்த பின் 5 பேர். மகள் விடுப்பில் போனால் வேலைவாய்ப்புக் காப்புறுதி சம்பளத்தின் 55 வீதம்தான் தரும். 44,000 டொலரில் வாரம் சுமார் 465. தாய்மை விடுப்பு 15 வாரமும் பெற்றோர் விடுப்பு 35 வாரமும் சேர்ந்த 50 வாரத்துக்கு 23,300க்குக் கிட்ட. மருமகனின் 41,000ஐக் கூட்டினால் 64,300ஐத் தொடும். எல்லை 64,336. அரும்பொட்டில் தவறுகிறது. உதவி அதிகம் தேவைப்படும் ஆண்டிலேயே வருமானம் இறங்குகிறது, ஆட்தொகை ஏறுகிறது. அதனால் விடுப்புக்கு முந்திய ஆண்டின் வரி மதிப்பீட்டுப் பத்திரம் கையில் இருக்கும்போதே விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். இவர்கள் ஒக்டோபரில் போட்டது அந்தக் கணக்கில்தான்.

தகப்பனையும் சேர்த்துக் கூப்பிடுவதா என்று வீட்டில் பேச்சு நடந்தது. அவரும் வந்தால் பிள்ளை பிறந்த பின் 6 பேர் கணக்கு, இரண்டு காப்புறுதி. ஊரில் தாயை இழுக்கும் முதல் ஆளும் இல்லாமல் போகிறார். தகப்பன் ஊரில் நிற்பது என்று முடிவாயிற்று. அவருக்குச் சமைத்துக் கொடுப்பது யார் என்று அதிகாரி யோசிக்கக்கூடும், நாமும் யோசிப்போம். மருமகள் வீட்டிலிருந்து சாப்பாடு வரும் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதினார்கள். சின்ன வரிதான், ஆனால் ஆராய்ந்து முடிவெடுத்த குடும்பம் என்று காட்டுவது இப்படிப்பட்ட வரிகள்தான்.

அழைப்புக் கடிதம், இரண்டாம் முறை

திணைக்களம் கேட்கும் விபரங்கள் நிலையானவை. வருபவரின் முழுப்பெயர், பிறந்த திகதி, விலாசம், தொலைபேசி, உறவு, நோக்கம், எவ்வளவு காலம், எங்கே தங்குவார், செலவு யாருடையது, எப்போது புறப்படுவார். அழைப்பவரின் பெயர், பிறந்த திகதி, விலாசம், தொழில், கனடாவில் உள்ள நிலை, வீட்டில் எத்தனை பேர். சுப்பர் விசாவில் செலவைப் பொறுப்பேற்கும் வாக்குறுதியும் கையெழுத்தும் கட்டாயம். நொத்தாரிசு முத்திரை இல்லையென்றால் கோப்பு விழுந்துவிடும் என்பது பொதுவான மூடநம்பிக்கை.

அழைப்பவர், வருபவரின் சொந்தப் பிள்ளையாகவோ பேரப்பிள்ளையாகவோ இருக்க வேண்டும். மாமியாரைக் கூப்பிட மருமகன் கையெழுத்து வைத்தால் சரிவராது. மகள் அழைக்க வேண்டும், மருமகன் வருமானத்துக்காக இணைந்து கையெழுத்திடலாம்.

இவர்களின் இரண்டாவது கடிதத்தில் திகதிகள் இருந்தன. தை மாதம் பிரசவம், அதற்கான மருத்துவரின் கடிதம் இணைப்பில். தாய் டிசம்பரில் வருவார். மூத்த பிள்ளைக்கு அடுத்த ஆண்டு நான்கு வயதாவதால் ஒன்ராறியோவில் செப்டெம்பரில் ஜூனியர் கிண்டர்கார்டன் தொடங்கும், அதன் பின் பகலில் அந்தப் பிள்ளை பாடசாலையில். அதுவரை ஒன்பது மாதம் தாய் துணை. மகளின் விடுப்பு ஆண்டு முடிவுவரை. பெற்றோர் விடுப்பின் 40 வாரத்தில் ஒருவர் 35க்கு மேல் எடுக்க முடியாது, மிச்ச 5 வாரத்தை மருமகன் எடுப்பார். அதற்குப் பிறகு சின்னப்பிள்ளைக்கு டே கெயார் காத்திருப்புப் பட்டியலில் பதிந்த கடிதம், அதுவும் இணைப்பில். ஒன்ராறியோவில் 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பத்துப் பேருக்கு மூன்று பணியாளர் வேண்டும் என்பது விதி. அதனால் அந்த வயதுக்கு இடம் குறைவு, கர்ப்பமாக இருக்கும்போதே பதிவது நல்லது.

இந்தக் கோப்பில் எடை கூடிய தாள் எது என்று கேட்டால் அந்த டே கெயார் கடிதத்தையே சொல்வோம். தாய் வருவது உதவிக்கு, நிரந்தர ஏற்பாடு வேறு இருக்கிறது என்பதை மகளின் வாய்ச்சொல்லாக இல்லாமல் மூன்றாம் ஆள் தாளில் சொல்கிறது.

திருகோணமலைப் பக்கத்துத் தாள்கள்

வீட்டு உறுதி தாயின் மாமியார் பேரிலேயே இருக்கட்டும், அதைத்தான் வைத்தார்கள். கூடவே கணவனின் பிறப்புச் சான்றிதழ், அந்த விலாசத்துக்கு வரும் மின்சாரப் பட்டியல், அங்கேயே வசிக்கிறார்கள் என்ற கிராம சேவகர் சான்றிதழ். இல்லாத உரிமையைக் காட்ட அவசரமாக உறுதி மாற்றி எழுதவேண்டியதில்லை. விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன் எழுதிய நன்கொடை உறுதி, 12 இலட்சம் வைப்பின் உடன்பிறப்பு. அனுமதிப்பத்திரக் காணியென்றால் பத்திரத்தின் பிரதியையும் பிரதேச செயலகக் கடிதத்தையும் வைக்கலாம்.

பெயர் வித்தியாசத்துக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி. அதற்கு ஆதாரமாக அடையாள அட்டையும் விவாகச் சான்றிதழும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஒவ்வொரு தாளுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் மூலத்தின் பிரதியும் சேர்ந்து போக வேண்டும். மொழிபெயர்ப்பவருக்குப் பாஸ்போட் பிரதியை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அவர் தன் விருப்பப்படி ஆங்கில எழுத்துக்கூட்டி, மூன்றாவது பெயர் ஒன்றைப் பிறப்பித்துவிடுவார்.

1990 இடப்பெயர்விலும், 2004 சுனாமியிலும், 2006இல் சம்பூர், மூதூர் கிழக்குப் பக்கத்திலும் ஆவணம் தொலைத்தவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. பிரதேச செயலகப் பதிவுப் பிரிவில் அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம். பதிவே இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் வழி இருக்கிறது. இவை மாதக்கணக்கில் இழுக்கும், விசா யோசனைக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை.

குடும்ப விபரப் படிவம், ஐ.எம்.எம் 5645, சும்மா நிரப்பிவிடும் தாளாகத் தெரியும். நமது கோப்புகளில் வெடி இருப்பது அதற்குள்தான். இறந்த சகோதரர், காணாமல் போன மகன், முதல் தாரத்துப் பிள்ளை, எல்லாரும் அதில் வர வேண்டும். அழைக்கும் மகளோ அவரின் சகோதரரோ முன்பு கனடாவில் அகதிக் கோரிக்கை வைத்திருந்தால், அப்போது எழுதிய குடும்ப விபரம் அவர்களின் கோப்பில் இருக்கிறது. அதில் இரண்டு பிள்ளைகள், இதில் நான்கு என்றால் கேள்வி தாய்க்கு மட்டும் வராது. பழைய பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு இதை நிரப்புங்கள்.

பாஸ்போட் முடிய ஒன்றரை ஆண்டு இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று விடக்கூடாது. விசாவும் தங்கும் காலமும் பாஸ்போட் முடியும் திகதியைத் தாண்டாது. முதலில் புதுப்பித்துவிட்டு விண்ணப்பிப்பதே இலாபம். திருகோணமலையிலிருந்து பத்தரமுல்லைக்குப் போவதைவிட வவுனியா பிராந்திய அலுவலகம் கிட்ட.

ஏஜென்சி மூலம் போடுவோர் கவனிக்க: கனடா விசாவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பிரதிநிதியாக நிற்க உரிமை உள்ளவர்கள் அந்நாட்டுச் சட்டத்தரணிகள் போன்றோரும், குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிவுபெற்றவர்களும்தான். "பேரைப் போடாதேங்கோ, நான் பின்னால நிண்டு செய்து தாறன்" என்பவர் நிரப்பிய பிழைக்கும் கையெழுத்து தாயுடையது.

காப்புறுதியும் கிளினிக் கொப்பியும்

விலை குறைந்த பொலிசியைத் தேடுவதில் பிழையில்லை, எதை விலக்கியிருக்கிறது என்று பார்க்காமல் எடுப்பதில்தான் பிழை. 60 வயதை ஒட்டியவருக்கு ஓராண்டுக்கு ஆயிரம் டொலருக்கு மேல் போவது வழமை. நீரிழிவு, பிறஷர் போன்ற ஏற்கெனவே உள்ள நோயைச் சேர்த்தால் கூடும். அந்த நோய்களுக்குப் பெரும்பாலான பொலிசிகளில் "நிலையாக இருந்த காலம்" என்று ஒரு நிபந்தனை உண்டு, 90 நாள், 120 நாள், 180 நாள் என்று கம்பனிக்குக் கம்பனி மாறும். அந்தக் காலத்துக்குள் மருந்து மாறியிருந்தால், அளவு கூடியிருந்தால், ஏன் குறைந்திருந்தால்கூட, அந்த நோயால் வரும் செலவைக் கட்டமாட்டார்கள்.

இந்தத் தாயின் கிளினிக் கொப்பியில் ஐப்பசியில் சர்க்கரை மருந்தான மெற்போமின் 500 மில்லிகிராமிலிருந்து 850 ஆகியிருந்தது. டிசம்பரில் பயணம். 180 நாள் நிபந்தனை உள்ள பொலிசி எடுத்திருந்தால் சர்க்கரையால் வரும் எந்த அனுமதிக்கும் காசு வராது. 90 நாளும் இன்னும் நிரம்பவில்லை. கொப்பியின் கடைசி ஆறு மாதப் பக்கங்களைப் படமெடுத்து முகவருக்கு அனுப்பி, குறுகிய நிபந்தனை உள்ள ஒன்றைத் தேடினார்கள். பயணத்துக்காக மருந்தைக் கூட்டாமல் விடுவது வழியில்லை. மருந்தைச் சரியாக எடுத்து, அதற்குப் பொருந்தும் பொலிசியைத் தேடுவதே வழி. கழிவுத்தொகையை ஆயிரம் டொலருக்கு ஏற்றினால் கட்டணம் குறையும், ஆனால் முதல் ஆயிரம் மகளின் கையிலிருந்து போகும்.

பொலிசி தொடங்கும் திகதி கனடாவுக்குள் இறங்கும் திகதி. பயணம் தள்ளிப்போனால் அதையும் தள்ள வேண்டும். விசா மறுக்கப்பட்டால் முழுப்பணமும் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவப் பரிசோதனை சொந்த டொக்டரிடம் செல்லாது. திணைக்களத்தின் பட்டியலில் உள்ளவரிடம் கொழும்பில் செய்ய வேண்டும். அறிவித்தல் வந்தால் 30 நாள்தான் தவணை. இரவு ரயிலில் போய் காலையில் பரிசோதனையை முடித்து வருவது பலரின் வழி. சர்க்கரை மருந்தை வழமைபோல எடுத்துக்கொண்டு, மருந்துச் சீட்டோடு போவது நல்லது.

இறங்கும் இடத்தில்

டொரொன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் எல்லை அலுவலர் கேட்பது மூன்று நாலு கேள்விதான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க உரிமை உண்டு, அரைகுறை ஆங்கிலத்தில் மாட்டுப்படத் தேவையில்லை. "மகளுக்கு ரெண்டாவது பிள்ளை பிறக்கப்போகுது. கூட நிண்டு பாத்துப்போட்டு செப்டெம்பரில திரும்பிடுவன். மனுசன் ஊரில நிக்கிறார்." இவ்வளவும் உண்மை, இவ்வளவும் கடிதத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறது. அழைப்புக் கடிதம், காப்புறுதிப் பொலிசி, மகளின் தொலைபேசி இலக்கம் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் போட வேண்டாம்.

முத்திரை குத்திய பாஸ்போட்டை வாங்கியவுடன் அந்த இடத்திலேயே பாருங்கள். சுப்பர் விசாவாக இருந்தாலும் அலுவலர் கையால் ஒரு திகதி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். பிழையென்றால் கௌண்டரை விட்டு விலகுமுன் கேட்பது இலகு.

பிள்ளைப்பேற்றுச் சரக்குத்தூள், கருவாடு, நெய், பனங்கிழங்கு என்று பெட்டி நிரம்பித்தான் போகும். சாப்பாட்டுச் சாமான் எதுவென்றாலும் அறிவித்துவிட வேண்டும். அறிவித்த பொருளை ஆகக்கூடினால் எடுத்துவிடுவார்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் தண்டம். இறைச்சி, பச்சை இலை, விதை, மண் ஒட்டிய கிழங்கு ஆகியவற்றை ஊரிலேயே விட்டுவிடுவது சுகம்.

வேறு உறவு, வேறு நாடு

தாய் இல்லாத வீடுகளில் சித்தியையோ பெரியம்மாவையோ கூப்பிடுவார்கள். அவர்களுக்குச் சுப்பர் விசா இல்லை, 6 மாத விசிற்றர் விசா மட்டும். கணவனும் பிள்ளைகளும் ஊரில் உள்ள 50 வயதுச் சித்தி ஒரு மாதிரி, வேலையில்லாத 26 வயதுத் தங்கச்சி இன்னொரு மாதிரி. தங்கச்சியை அக்காவின் பிள்ளை பார்க்கக் கூப்பிடுவதுதான் எல்லாவற்றிலும் கடினமான கோப்பு. ஊரில் உத்தியோகம், அங்கீகரித்த லீவு, திரும்பிச் சேர வேண்டிய திகதி ஆகியவை இல்லையென்றால் அந்த 185 டொலரை மிச்சம் பிடிப்பதே நல்லது என்று சொல்வோம்.

பிரித்தானியாவிலும் அதிகாரிகளுக்கான வழிகாட்டல் உறவினர் வந்து பிள்ளை பார்ப்பதை அனுமதிக்கிறது, குறுகிய வருகையாகவும் பிள்ளை பராமரிப்பாளர் வேலையாக ஆகாமலும் இருக்கும்வரை. அங்கே 6 மாதம்தான். ஆறு மாதம் நின்று, இரண்டு மாதம் ஊரில் இருந்து, திரும்ப ஆறு மாதம் என்று அடிக்கடி போனால், அங்கேயே குடியிருப்பதாகக் கணித்து மறுப்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவு அங்கே வருகையாளருக்குச் சாதாரண விலையின் 150 வீதம், காப்புறுதி கட்டாயமில்லை என்பதால் எடுக்காமல் விடுவது புத்தியில்லை. சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனி போன்ற செங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள், 30,000 யூரோ காப்புறுதி. அவுஸ்திரேலியாவில் விசா அறிவித்தலில் 8503 என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே இருந்துகொண்டு நீடிப்புக் கேட்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

கனடாவில் விசிற்றர் விசா மறுப்புக்கு மேன்முறையீடு கிடையாது. வெளிநாட்டில் எடுத்த முடிவென்றால் 60 நாளுக்குள் சமஷ்டி நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்கலாம், செலவு ஆயிரக்கணக்கில் வரும். தாளில் குறை இருந்த கோப்புக்குத் திருத்திப் புதிதாகப் போடுவதுதான் பொருந்தும். எல்லாத் தாளும் சரியாக இருந்தும், வைத்த தாளைப் பார்க்காமலே மறுத்தது குறிப்பில் தெரிந்தால் மட்டும் நீதிமன்றத்தை யோசிக்கலாம்.

செப்டெம்பரில் தாய் ஊர் திரும்பும்போது காப்புறுதியில் மூன்று மாதத்துக்குக் கிட்ட மிச்சம் இருக்கும். கோரிக்கை எதுவும் வைக்காதிருந்தால் பயன்படுத்தாத நாட்களுக்கான பணத்தைக் கேட்கலாம். கம்பனி கேட்பது விமானத்தின் போர்டிங் பாஸும் கட்டுநாயக்காவில் குத்திய வருகை முத்திரைப் பக்கமும். இரண்டையும் வீட்டுக்கு வந்தவுடன் படமெடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டு, மூலத்தை அடுத்த விண்ணப்பத்துக்காகக் கோப்பில் போட்டு வையுங்கள். சொன்ன திகதிக்குத் திரும்பினார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.